எச்.ஆர்.வி. வீட்டைச் சூடாக்குவதில்லை, பிறகு எதற்கு அது?

கனடாவில் புது வீடு வாங்கியவர்கள் பேஸ்மென்டைச் சுற்றிக்காட்டும்போது, ஃபர்னஸுக்குப் பக்கத்தில் தொங்கும் ஒரு பெட்டியைப் பற்றி விதவிதமான விளக்கங்கள் கேட்கக் கிடைக்கும். "அதுவும் ஒரு ஹீட்டர்தான்" என்பார் ஒருவர். "உள்ளே இருக்கும் காற்றையே வடிகட்டித் திருப்பி அனுப்புகிறது" என்பார் இன்னொருவர். "மின்சாரத்தைத் தின்கிறது, நாங்கள் அணைத்தே வைத்திருக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. மூன்றுமே தவறு. அதிலும் மூன்றாவது, வீட்டுச் சுவரையும் உடம்பையும் சேர்த்துக் கெடுக்கும் தவறு.

அந்தப் பெட்டியை எச்.ஆர்.வி. என்கிறார்கள். தமிழில் வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவி எனலாம். வீட்டிலிருந்து வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தை வாங்கி, வெளியிலிருந்து வரும் புதிய காற்றிடம் கொடுப்பதுதான் அதன் வேலை. வெப்பத்தை உண்டாக்குவது ஃபர்னஸ். அப்படி உண்டான வெப்பம் காற்றோடு காற்றாக வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்வது எச்.ஆர்.வி. இந்த வேலைப் பிரிவினை பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

அடைத்துக் கட்டிய வீட்டின் தொல்லை

பழைய வீடுகளுக்குக் காற்றோட்டம் என்று தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், சுவரும் கூரையும் சேரும் மூலை என எத்தனையோ சந்துகள் வழியாகக் காற்று போய் வந்துகொண்டிருந்தது. பலத்த காற்று வீசும் நாளில் தேவைக்கு மேல் வரும். காற்று அசையாத நாளில் போதாது. வீடு குளிர்ந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெயை எரித்தார்கள். எரிபொருள் மலிவாக இருந்தவரை இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

1973இல் எண்ணெய் விலை எகிறியது. குளிர்நாடுகளில் சந்துகளை அடைக்கும் வேலை மும்முரமானது. சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு, அதன் உட்புறத்தில் பிளாஸ்டிக் தாள், ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி. சுவர், கூரை வழியாகக் காற்று கசியாதபடி வீட்டைக் கட்டுவதற்குக் காற்றிறுக்கம் என்று பெயர். எரிபொருள் மிச்சமானது உண்மை. ஆனால் இதுவரை சந்துகள் வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்துக்கும் மனித மூச்சுக்கும் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

ஈரம் என்றால் கொஞ்சநஞ்சம் அல்ல. நான்கு பேர் மூச்சு விட்டு, வியர்த்து, சமைத்து, குளித்து, துணி உலர்த்தும் வீட்டில் ஒரு நாளில் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேர்கிறது. நம் சமையலில் அரிசியும் பருப்பும் வேகும் ஆவி இதில் கணிசமான பங்கு. கரியமில வாயுவின் கதையும் அப்படித்தான். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு இருவர் தூங்கும் அறையில், விடிவதற்குள் அது 2,000 பங்கைத் தாண்டிவிடும். தலை கனத்து எழுந்திருப்பதற்குக் குளிரைக் குறைசொல்கிறோம்.

எச்.ஆர்.வி.யை அணைத்துவைத்த உறவினர் வீடு ஒன்றில் டிசம்பர் மாதக் காலையில் படுக்கையறைத் திரையை விலக்கிப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் கோடாகத் தேங்கியிருந்தது. ஜன்னல் சட்டத்து மூலையில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சை. அதைப் பழைய பனியனால் துடைத்துத் துடைத்து அந்த இடத்துப் பெயின்டே போய்விட்டிருந்தது. மின்கட்டணத்தில் அவர்கள் மிச்சம் பிடித்தது மாதத்துக்குச் சில டாலர்.

சுருக்கமாக: காற்று கசியாத வீடு எரிபொருளை மிச்சப்படுத்துகிறது, ஆனால் அதில் வாழ்பவர்களுக்காகக் காற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஜன்னலைத் திறந்தால் போதாதா?

போதும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒருவருக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதிய காற்று என்பது பரவலாக வைத்துக்கொள்ளப்படும் அளவு. நால்வர் குடும்பத்துக்கு 120 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.33 வாட்-மணி ஆற்றல் வேண்டும். வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ், உள்ளே 20 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 30 டிகிரி. இந்த மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 1,200 வாட் வருகிறது.

அதாவது உள்ளே வரும் காற்றைச் சூடாக்குவதற்கு மட்டுமே ஒரு மின்சார ஹீட்டர் இரவு பகலாக ஓட வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 யூனிட். சுவர், கூரை, கண்ணாடி வழியாகப் போகும் வெப்பம் இந்தக் கணக்கில் சேரவில்லை. சுவருக்குள் எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் இந்த 29 யூனிட்டில் ஒன்றுகூடக் குறையாது. ஏனென்றால் இந்த வெப்பம் சுவர் வழியாகப் போவதில்லை; நாமே கதவைத் திறந்து அனுப்பிவைக்கிறோம்.

காற்று போகட்டும், அதன் சூடு மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்ல முடியுமா?

பால் டம்ளர் காட்டும் பாதி வழி

குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால், டம்ளரைக் குளிர்ந்த தண்ணீர் உள்ள கிண்ணத்தில் வைப்போம். சற்று நேரத்தில் பால் ஆறிவிடும், கிண்ணத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேரவில்லை. எவர்சில்வர் சுவரைக் கடந்து சென்றது வெப்பம் மட்டும்.

எச்.ஆர்.வி. பழைய காற்றையே திருப்பி அனுப்புகிறது என்ற சந்தேகத்துக்கு இதுவே பதில். உள்ளே ஒரு மெல்லிய தகட்டின் ஒரு பக்கத்தில் வெளியேறும் காற்று ஓடுகிறது, மறுபக்கத்தில் உள்வரும் காற்று ஓடுகிறது. தகட்டைக் கடப்பது வெப்பம். குளியலறை வாடை வெளியேறும் காற்றோடே போய்விடுகிறது. இப்படி இரண்டைக் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கைமாற்றும் உறுப்புக்கு வெப்பப் பரிமாற்றி என்று பெயர்.

ஆனால் டம்ளர் நம்மைப் பாதி வழியில் விட்டுவிடும். பால் 60 டிகிரி, அதே அளவு தண்ணீர் 20 டிகிரி என்றால், இரண்டும் 40இல் வந்து நின்றுவிடும். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபின் வெப்பம் நகர்வதற்குக் காரணம் இல்லை. நம் வீட்டுக் காற்றையும் இப்படியே செய்தால், 20 டிகிரி உள்காற்றும் மைனஸ் 10 வெளிக்காற்றும் 5 டிகிரியில் சந்தித்துக்கொள்ளும். மீட்டது பாதி வெப்பம். கடையில் விற்கும் எச்.ஆர்.வி.யின் விவரத்தாளிலோ 75, 80, சிலவற்றில் 90 விழுக்காடு என்று போட்டிருக்கிறார்கள். விளம்பரப் பொய்யா? இல்லை.

எதிரெதிரே ஓடவிடும் சூட்சுமம்

வித்தியாசம் ஓட்டத்தின் திசையில் இருக்கிறது. இரண்டு காற்றையும் ஒரே திசையில் ஓடவிட்டால் டம்ளர் கதைதான். எவ்வளவு தூரம் ஓடினாலும் 5 டிகிரியில் நின்றுவிடும். ஒன்றை இடமிருந்து வலமாகவும் மற்றொன்றை வலமிருந்து இடமாகவும் ஓடவிட்டால் நிலைமை மாறுகிறது. இதற்கு எதிரோட்டம் என்று பெயர். எச்.ஆர்.வி.யின் உயிரே இதுதான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பரிமாற்றியின் ஒரு முனையை வீட்டுப்பக்கம் என்றும் மறுமுனையைத் தெருப்பக்கம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உள்காற்று 20 டிகிரியில் வீட்டுப்பக்கத்தில் நுழைந்து தெருவை நோக்கிப் போகிறது. போகப்போக ஆறுகிறது. வெளிக்காற்று மைனஸ் 10இல் தெருப்பக்கத்தில் நுழைந்து வீட்டை நோக்கி வருகிறது. வரவரச் சூடேறுகிறது. 80 விழுக்காடு மீட்கும் கருவியில் சூட்டளவு இப்படி இருக்கும்: தெருப்பக்க முனையில் வெளியேறும் காற்று மைனஸ் 4, நுழையும் காற்று மைனஸ் 10. நட்டநடுவில் 8, 2. வீட்டுப்பக்க முனையில் 20, 14.

எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் வெளியேறும் காற்று, தகட்டுக்கு அப்பால் ஓடும் காற்றைவிட 6 டிகிரி சூடாகவே இருக்கிறது. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் வெப்பம் பாயும் என்ற இயற்கை விதி எங்கும் மீறப்படவில்லை. அப்படியிருந்தும் கடைசிக் கணக்கைப் பாருங்கள். உறைகுளிரில் வந்த காற்று 14 டிகிரியில் வீட்டுக்குள் போகிறது. அறைச் சூட்டில் கிளம்பிய காற்று மைனஸ் 4இல் தெருவுக்குப் போகிறது. இரண்டும் நடுவில் இருந்த 5 டிகிரியைக் கடந்து இடம் மாறிவிட்டன. முதல்முறை கேட்பவர்கள் இதில் ஏதோ தில்லுமுல்லு இருப்பதாக நினைப்பார்கள்.

தில்லுமுல்லு ஏதும் இல்லை. புதிய காற்று பரிமாற்றியை விட்டு வெளியேறும் கடைசி நொடியில் அதற்குப் பக்கத்தில் இருப்பது, இப்போதுதான் அறையிலிருந்து வந்த, இன்னும் எதையும் இழக்காத 20 டிகிரிக் காற்று. அதனால்தான் 14 வரை ஏற முடிகிறது. அதேபோல், ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்துவிட்ட பழைய காற்றுக்குப் பக்கத்தில் கடைசியாக வருவது மைனஸ் 10 டிகிரிக் காற்று. ஆகவே அதனிடமிருந்து மிச்சமிருப்பதையும் கறக்க முடிகிறது.

தகடுகளின் பரப்பு கூடக்கூட அந்த 6 டிகிரி இடைவெளி சுருங்கும். ஒருபோதும் பூஜ்யம் ஆகாது. அதனால்தான் பரிமாற்றிக்குள் பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகடுகளைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். மொத்த வித்தியாசமான 30 டிகிரியில் புதிய காற்று எத்தனை டிகிரி ஏறியது என்பதே வெப்பமீட்புத் திறன். இங்கே 24 டிகிரி, 80 விழுக்காடு.

சுருக்கமாக: இரண்டு காற்றும் கலக்கவில்லை, எதிரெதிரே ஓடியதால் பாதிக்கு மேல் வெப்பம் கைமாறியது. ஆனாலும் உள்ளே வந்த காற்று 14 டிகிரிதான், 20 அல்ல. மீதி 6 டிகிரியை ஃபர்னஸ்தான் கொடுக்க வேண்டும். எச்.ஆர்.வி. துவாரத்தில் கையை வைத்துவிட்டுச் சூடான காற்று வரவில்லையே என்று புகார் சொல்வதில் அர்த்தமில்லை.

முன்பு போட்ட 1,200 வாட் இப்போது 240 ஆகிறது. ஒரு நாளைய 29 யூனிட் 6 யூனிட்டுக்குள் வந்துவிடுகிறது. விசிறிகள் 50 வாட் இழுத்தால் அதற்கு 1.2 யூனிட். ஒன்றேகால் யூனிட்டுக்குப் பயந்து அணைத்துவிட்டு, பிறகு ஈரம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து இருபதுக்கு மேல் இழப்பதை என்னவென்று சொல்வது? ஒன்றை மட்டும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிச்சமாவது எரிவாயு, செலவாவது மின்சாரம் என்றிருக்கும் வீட்டில், எரிவாயு மலிவு என்பதால் டாலரில் கிடைக்கும் லாபம் யூனிட் கணக்கு காட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்காது.

பெட்டியைத் திறந்தால்

பெட்டியிலிருந்து நான்கு குழாய்கள் கிளம்பும். இரண்டு வெளிச்சுவரை நோக்கிப் போகும். பஞ்சு சுற்றித் தடித்திருப்பவை அவை. உள்ளே குளிர்ந்த காற்று ஓடுவதால், பஞ்சு இல்லாவிட்டால் குழாய்மேல் தண்ணீர் கோத்துச் சொட்டும். மற்ற இரண்டும் வீட்டுக்குள் போகும். ஒன்று குளியலறை, சலவையறை போன்ற ஈரமான இடங்களிலிருந்து காற்றை இழுத்துவருகிறது. மற்றொன்று புதிய காற்றைப் படுக்கையறைகளுக்கும் கூடத்துக்கும் அனுப்புகிறது. கனடா வீடுகள் பலவற்றில் இதை ஃபர்னஸின் காற்றுக்குழாயோடு இணைத்துவிடுவார்கள்.

மூடியைக் கழற்றினால் நடுவில் பரிமாற்றி ஒரு கட்டியாக அமர்ந்திருக்கும். கையால் இழுத்து எடுக்கலாம். அதன் முகப்பில் இரண்டு வடிகட்டிகள், இருபுறமும் விசிறிகள், அடியில் தண்ணீர் வடியும் மெல்லிய குழாய். அவ்வளவுதான்.

அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கி இதில் சேராது. மிளகாய் தாளித்த எண்ணெய்ப் புகையைப் பரிமாற்றிக்குள் விட்டால் தகட்டிடுக்குகள் பிசுக்கேறி அடைத்துக்கொள்ளும். அந்தப் புகைபோக்கிக்கு நேராக வெளியே போகும் தனிக் குழாய் வேண்டும்.

ரெஜைனாவில் ஃபர்னஸ் இல்லாத வீடு

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத் தலைநகரான ரெஜைனாவில் குளிர்காலத்தில் மைனஸ் 30க்குக் கீழே இறங்குவது புதிதல்ல. 1977இல் அங்கே ஒரு பரிசோதனை வீடு கட்டினார்கள். ஹரால்ட் ஓர் என்ற பொறியாளர் அதில் முக்கியப் பங்காற்றினார். தடித்த சுவர், காற்று கசியாத பிளாஸ்டிக் உறை, காற்றுக்குக் காற்று வெப்பம் மாற்றும் ஒரு பரிமாற்றி. வழக்கமான ஃபர்னஸே இல்லை. வெயிலின் வெப்பத்தைப் பிடிக்கும் ஓர் அமைப்பையும் வைத்தார்கள். பார்க்க வந்தவர்களின் கண்ணில் பட்டது அந்த அமைப்புதான் என்றாலும், காலத்தில் நிலைத்தது சுவரும் காற்றிறுக்கமும் பரிமாற்றியும் சேர்ந்த மூவரணி.

அதே பாதையில் 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் முன்னின்று கட்டிய வரிசை வீடுகள் பாசிவ்ஹவுஸ் என்ற தரநிலையின் தொடக்கமாயின. அந்தத் தரநிலை குறைந்தது 75 விழுக்காடு வெப்பமீட்பு கேட்கிறது. கசிவிலும் கறார்: விசிறி வைத்து 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்கிச் சோதித்தால், ஒரு மணி நேரத்தில் கசியும் காற்று வீட்டுக் கொள்ளளவில் 0.6 மடங்கைத் தாண்டக் கூடாது.

இந்தக் கறார் வீம்புக்காக அல்ல. பரிமாற்றி வழியாகப் போகும் காற்றிலிருந்துதான் வெப்பத்தை மீட்க முடியும். சந்து வழியாகப் போகும் காற்று கருவியின் பக்கமே வருவதில்லை. ஆகவே ஜன்னல் சட்டம் ஆடும் பழைய வீட்டில் முதலில் எச்.ஆர்.வி. மாட்டச் சொல்லும் ஒப்பந்ததாரரிடம் நான் எச்சரிக்கையாகவே இருப்பேன். முதலில் சந்துகளை அடைத்துவிடுங்கள், கருவி பிறகு.

பனிக்கட்டியும் வறண்ட தொண்டையும்

20 டிகிரியில், 40 விழுக்காடு ஈரப்பதம் உள்ள வீட்டுக் காற்று ஏறத்தாழ 6 டிகிரிக்கு ஆறும்போது அதிலுள்ள ஆவி தண்ணீராகத் தொடங்கும். நம் கணக்கில் பரிமாற்றியின் நடுப்பகுதியைத் தாண்டியதும் அந்த நிலை வந்துவிடுகிறது. அடியில் வடிகுழாய் இருப்பது இதற்காகத்தான். ஆவி தண்ணீராகும்போது விடும் வெப்பமும் புதிய காற்றுக்கே போய்ச் சேர்வது ஒரு சிறு கொசுறு.

கடுங்குளிரில் அந்தத் தண்ணீர் தகட்டிலேயே உறைந்து பாதையை அடைக்கும். அதனால் கருவி அவ்வப்போது வெளிக்காற்று வழியைச் சில நிமிடங்கள் மூடிவிட்டு, வீட்டுக் காற்றைச் சுற்றவிட்டுப் பனியை உருக்குகிறது. வேறு சில கருவிகளில் உள்வரும் காற்றை முன்கூட்டியே சற்றுச் சூடாக்கும் மின்கம்பி இருக்கும். ஜனவரி இரவில் பெட்டியின் சத்தம் திடீரென மாறினால் பழுது என்று பதறி அணைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பனி உருக்கும் வேளை.

குளிர்காலத்தில் இன்னொரு குறையும் கேட்கும்: தொண்டை வறள்கிறது, உதடு வெடிக்கிறது என்று. காரணம் கருவி அல்ல, வெளிக்காற்று. மைனஸ் 10 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல்தான் ஆவியைத் தாங்கும். அதை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். இதற்காகவே இ.ஆர்.வி. என்ற வகை இருக்கிறது. அதன் தகடுகள் நீராவியில் ஒரு பகுதியையும் மறுபக்கம் கடக்கவிடும் சவ்வால் ஆனவை. பெரிய வீட்டில் இருவர் மட்டும் இருந்தால் இ.ஆர்.வி. இதமாக இருக்கும். ஆறேழு பேர் இருந்து மூன்று வேளையும் அடுப்பெரியும் வீட்டுக்கு, ஈரத்தை வெளியே தள்ளும் எச்.ஆர்.வி.யே பொதுவாகப் பொருந்தும்.

சென்னையில் உள்ளவர்கள் இதை வாங்கலாமா என்று கேட்டால், ஜன்னல் திறந்து வாழும் வீட்டுக்கு வேண்டியதில்லை. முழுக்கக் குளிரூட்டிய பெரிய அலுவலகக் கட்டடங்களில் இதே தத்துவம் தலைகீழாகப் பயன்படுகிறது: வெளியேறும் குளிர்ந்த காற்று, உள்ளே வரும் வெப்பத்தையும் புழுக்கத்தையும் வாங்கிக்கொள்கிறது.

அணைக்காமல் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது

வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அடைபட்டால் ஒரு பக்க ஓட்டம் குறைந்து, உள்வருவதும் வெளிச்செல்வதும் சமமாக இராது. வெளியேற்றம் மட்டும் கூடினால் அந்தக் குறையை ஈடுகட்டச் சந்துகள் வழியாக உறைகாற்று உள்ளே வரும். மீட்ட வெப்பம் அந்த வழியில் வீணாகும். பரிமாற்றியை ஆண்டுக்கு ஒரு முறையாவது கருவியோடு வந்த கையேடு சொல்லும் முறையில் கழுவி, ஈரம் வடிந்தபின் பொருத்துங்கள். வடிகுழாயில் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வீட்டின் வெளிச்சுவரில் காற்றை உள்ளிழுக்கும் துவாரம் எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இலையும் உறைபனியும் அதன் வலையை மூடிவிடும். பனிக்காலத்தில் வண்டியைச் சூடேற்றுவதற்காக அதன் கீழே நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால், அந்தப் புகை நேராகப் படுக்கையறைக்கு வரும்.